அரிசிச் சோறு சாப்பிடும் ஊரில் என் பிள்ளைக்கு சீலியாக் எப்படி வந்தது? (விவாத இழை)

கோட்டையூர்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் விடக் குள்ளம், எப்போதும் சோர்வு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. இரும்புச்சத்து டானிக், பேரீச்சை, முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்தும் பலன் இல்லாமல் கடைசியில் மதுரையில் குடல்நோய் மருத்துவரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் டி.டி.ஜி. என்ற எதிர்ப்பொருளின் அளவு பல மடங்கு அதிகம், எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, கோதுமையால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள்.

கோதுமையை நிறுத்தியாயிற்று, பிள்ளை தேறிவருகிறாள். ஆனால் வீட்டில் பேச்சு நிற்கவில்லை. தாய்ப்பால் மூன்று மாதத்தில் நின்றுவிட்டதால்தான் என்கிறார் மாமியார். சிசேரியன் பிள்ளைக்குக் குடல் அப்படித்தான் இருக்கும் என்கிறார் நாத்தனார். கைக்குழந்தையாக இருந்தபோது சளிக்கு அடிக்கடி ஆன்டிபயாடிக் கொடுத்தது காரணம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், வாரம் தவறாமல் பரோட்டா வாங்கிக் கொடுத்தது காரணம் என்று இன்னொருவர். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது. இதில் எது உண்மை? கீழே ஒரு தம்பியும் இருக்கிறான், அவனுக்காவது வராமல் தடுக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை_ராமு

அக்கா, பிள்ளை தேறுகிறாள் என்பதே பெரிய ஆறுதல். எனக்கு ஒரு சந்தேகம். இதைப் பஞ்சாப், ஹரியானா பக்கத்து நோய் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன், என் அண்ணன் லூதியானாவில் வேலை பார்த்தபோது அங்கே பல வீடுகளில் இதைப் பற்றிச் சொல்வார்கள். மூன்று வேளையும் ரொட்டி தின்பவர்களுக்கு வருவது இட்லியும் இடியாப்பமும் சாப்பிடும் நமக்கு ஏன் வர வேண்டும்? இது வர ஒரு மரபணு வேண்டும் என்கிறார்களே, அது நம் உடம்பிலும் உண்டா?

பள்ளத்தூர்_டயட்டீஷியன்

உண்டு. நான் பள்ளத்தூர்தான், திருச்சியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீலியாக் என்பது ஒவ்வாமை இல்லை, அஜீரணமும் இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், நம் எதிர்ப்பு சக்தியே திரும்பிச் சிறுகுடலின் உறிஞ்சிகளை, அதாவது சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண் மடிப்புகளை, அழிக்கும் நோய் இது. உறிஞ்சிகள் தட்டையாகிவிட்டால் சாப்பிட்டது ரத்தத்தில் சேராது. அதனால்தான் இரும்புச்சத்து எவ்வளவு கொடுத்தும் பிள்ளைக்கு ஏறவில்லை. இந்த நோய் வர எச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற மரபணு வகை அநேகமாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது இருப்பவர்களில் மிகச் சிறு பங்கினருக்குத்தான் நோய் வருகிறது, மற்றவர்கள் ஆயுள் முழுக்கக் கோதுமை தின்று நன்றாகவே இருக்கிறார்கள்.

ராமு தம்பி கேட்டதற்கு நேரடி பதில் 2016-இல் வந்த இந்திய ஆய்வில் இருக்கிறது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள், தெற்குக்கு நம் வேலூர். அந்த மரபணு வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கில் 36 பேரிடமும் இருந்தது. பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் நோய் வடக்கில் ஆயிரம் பேருக்கு எட்டரைப் பேரிடம், தெற்கில் பத்தாயிரம் பேருக்கு ஏறக்குறைய ஒருவரிடம். கோதுமை வடக்கில் ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். மரபணு நம்மிடமும் அவர்கள் அளவுக்கு இருக்கிறது, இங்கே தட்டில் கோதுமை குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

'இருந்தது' என்று நான் எழுதக் காரணம் உண்டு. சர்க்கரை வந்துவிட்டால் ராத்திரிக்குச் சப்பாத்தி என்பது இப்போது நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. பிள்ளைகளுக்கு பிஸ்கட், நூடுல்ஸ், சேமியா, சாயந்தரம் பரோட்டா சால்னா. அந்த 25 கிராம் இன்றைய காரைக்குடி வீட்டுக்குப் பொருந்தாது என்றே நான் நினைக்கிறேன்.

புதுவயல்_மில்காரர்

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் ஐயா காலத்திலும் கோதுமை இருந்தது, சம்பா கோதுமைக் கஞ்சி குடித்தார்கள், ரவையில் ரங்கோன் புட்டு செய்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பசுமைப் புரட்சிக்கு அப்புறம் வந்த குட்டை ரகக் கோதுமையும் அதில் அடிக்கும் மருந்தும்தான் காரணம். அரிசி அரைக்கிற எனக்கே ரகம் மாறினால் சோறு மாறுவது தெரியும். கோதுமையில் குளூட்டனைக் கூட்டி வைத்துவிட்டார்கள்.

பள்ளத்தூர்_டயட்டீஷியன்

அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் இதற்குச் சான்று பலமாக இல்லை. அமெரிக்கக் கோதுமையின் இருபதாம் நூற்றாண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வில், ரகத் தேர்வால் குளூட்டன் அளவு கூடிக்கொண்டே போனதாகத் தெளிவாக எதுவும் தெரியவில்லை. களைக்கொல்லி பற்றி இணையத்தில் நிறைய எழுதுகிறார்கள், மனிதர்களிடம் சீலியாக்கை அது உண்டாக்குகிறது என்று யாரும் நிறுவவில்லை.

அதோடு இந்த நோய் புதியதே அல்ல. டிக் என்ற டச்சுக் குழந்தை மருத்துவர் கோதுமையைச் சந்தேகித்தது பசுமைப் புரட்சிக்கு வெகு முன்னால். இரண்டாம் உலகப் போரில் 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம், ரொட்டி கிடையாது, ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். ஊரே மெலிந்த அந்த நாட்களில் இந்த நோய் இருந்த பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-இல் அவர் இதை ஆய்வேடாகவே எழுதினார். அந்தக் கோதுமை பழைய ரகம்தான்.

உங்கள் ஐயா காலத்தில் யாருக்கும் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? 'சோகை பிடித்த பிள்ளை', 'சவலைப் பிள்ளை' என்று சொல்லி விட்டுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர். அவர்களில் யாருக்கு என்ன இருந்தது என்று பார்க்க அன்றைக்குப் பரிசோதனையே கிடையாது.

செக்காலை_மாணவன்

நான் நுண்ணுயிரியல் படிக்கிறேன். மேலே அக்கா சொன்ன அதே 2016 ஆய்வில் எனக்கு ஒரு இடம் உறுத்துகிறது. வடகிழக்கில் கோதுமை ஒரு நாளைக்கு 37 கிராம்தான், கிட்டத்தட்ட நம் அளவு. மரபணு நூற்றுக்கு 31 பேரிடம், நம்மை விடக் குறைவு. ஆனால் நோய் ஆயிரத்துக்கு நாலரைக்கு மேல், அதாவது தெற்கைப் போல நாற்பது மடங்கு. கோதுமையின் அளவு மட்டும்தான் காரணம் என்றால் இது எப்படி? வேறு ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது.

பின்லாந்துக் கதையும் அப்படித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவின் கரேலியா. ஜனங்களின் மரபணுவும் நெருங்கியது, சாப்பிடும் தானியமும் ஏறக்குறைய ஒன்று. பின்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளில் 107 பேருக்கு ஒருவருக்கு நோய், கரேலியாவில் 496 பேருக்கு ஒருவர். 2008-இல் வெளியான ஆய்வு. கரேலியா ஏழ்மையான பகுதி, பிள்ளைகள் சின்ன வயதில் விதவிதமான கிருமிகளோடு பழகி வளர்கிறார்கள், அதனால் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்காமல் அடங்கியிருக்கிறது என்பது ஒரு கருத்து. நிரூபணம் ஆகவில்லை, ஆனால் அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

தேவகோட்டை_ராமு

அப்படியானால் பிள்ளைகளை மண்ணில் விளையாட விட்டால் வராதா?

செக்காலை_மாணவன்

அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது அண்ணே, ஏனென்றால் கிருமியிலேயே எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சில வைரஸ்கள் நோயைத் தூண்டிவிடுகின்றன என்று சந்தேகம். ரியோவைரஸ் என்று ஒன்று, மனிதருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தராமல் வந்து போகும். 2017-இல் எலிகளில் செய்த சோதனையில், அந்த வைரஸ் தொற்றிய நேரத்தில் குளூட்டன் கொடுத்தபோது, குளூட்டனைச் சாப்பாடாக ஏற்றுக்கொள்ள வேண்டிய குடல் அதை எதிரியாக எடுத்துக்கொண்டது. என்டிரோவைரஸ் பற்றி நார்வேயிலும், டெடி என்ற பன்னாட்டு ஆய்விலும் 2019-இல் எழுதினார்கள். நோய் வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகளின் மலத்தில் வைரஸ் கூடுதலாகத் தென்பட்டது. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு அடிக்கடி வந்த பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல் என்று அமெரிக்காவில் 2006-லேயே சொன்னார்கள், பின்லாந்தில் ரோட்டா தடுப்பு மருந்து பெற்ற பிள்ளைகளிடம் சீலியாக் குறைவாக இருந்தது.

அதனால் மண்ணில் விளையாடட்டும், ஆனால் 6, 10, 14 வாரங்களில் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தைத் தவற விடாதீர்கள். சீலியாக்கை விட்டுத் தள்ளுங்கள், கைக்குழந்தையின் வயிற்றுப்போக்கைத் தடுக்கவே அது வேண்டும்.

பள்ளத்தூர்_டயட்டீஷியன்

தம்பி வடகிழக்கைச் சுட்டியது மிகச் சரி. குளூட்டன் இல்லாமல் இந்த நோய் வராது, ஆனால் குளூட்டன் மட்டும் போதாது. மரபணு, குளூட்டன், அதற்கு மேல் இன்னும் ஏதோ சில. அந்த 'ஏதோ சில' என்னவென்று உலகத்தில் யாரும் முழுசாகச் சொல்லிவிடவில்லை.

இப்போது கோட்டையூர் அக்காவுக்கு. உங்கள் வீட்டில் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறேன், இதை அப்படியே உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தாய்ப்பால். ரொம்ப காலம் எல்லோருமே தாய்ப்பால் காக்கும் என்றுதான் நம்பினோம், நாங்களும் கல்லூரியில் அப்படித்தான் படித்தோம். 2014-இல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு ஒன்றாக வந்தது, இரண்டும் குடும்பத்தில் சீலியாக் உள்ள பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்தவை. தாய்ப்பால் எவ்வளவு காலம் கொடுத்தார்கள் என்பதற்கும் நோய் வருவதற்கும் தொடர்பு தெரியவில்லை. தாய்ப்பாலுக்கு வேறு ஆயிரம் நன்மை உண்டு, கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்க வேண்டும். ஆனால் மூன்று மாதத்தில் நின்றதால் உங்கள் மகளுக்கு இது வந்தது என்று சொல்ல ஆதாரமே இல்லை.

சிசேரியன். ஜெர்மனியில் ஒரு பழைய ஆய்வு தொடர்பு இருப்பதாகச் சொன்னது உண்மை. அதற்கு அப்புறம் டென்மார்க், நார்வே நாடுகளின் பிள்ளைகளை வைத்தும் டெடி ஆய்விலும் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

ஆன்டிபயாடிக். இதில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். முதல் வயதில் ஆன்டிபயாடிக் எடுத்த பிள்ளைகளிடம் சீலியாக் சற்றே கூடுதல் என்று டென்மார்க், நார்வே பதிவுகளில் தெரிந்தது. ஆனால் மருந்து காரணமா, மருந்து கொடுக்க வைத்த தொற்று காரணமா, அல்லது நோய் உள்ளே ஆரம்பித்ததால்தான் பிள்ளைக்கு அடிக்கடி முடியாமல் போனதா என்று பிரிக்க முடியவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்ததைக் கொடுத்தீர்கள். நெஞ்சுச் சளியோடு பிள்ளை மூச்சு வாங்கும்போது எந்தத் தாய் கொடுக்காமல் இருப்பாள்?

பரோட்டா. குளூட்டன் அளவு பற்றிச் சான்று இருக்கிறது, மறைக்கவில்லை. டெடி ஆய்வில், மரபணு ஆபத்து உள்ள பிள்ளைகள் முதல் ஐந்து வயதில் அதிகம் குளூட்டன் சாப்பிட்டால் நோய் வரும் வாய்ப்பு கூடியது என்று 2019-இல் கண்டார்கள். ஆனால் அது மரபணு ஆபத்து தெரிந்த பிள்ளைகளைப் பற்றியது. உங்கள் மகளிடம் அந்த மரபணு இருப்பது அப்போது உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் பரோட்டா சாப்பிடுகிறார்கள். பரோட்டாவை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்பது நியாயமே இல்லை.

அந்த மரபணு உங்களிடமிருந்து வந்ததா உங்கள் கணவரிடமிருந்து வந்ததா என்று அடுத்த பேச்சு கிளம்பும் பாருங்கள், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். நூற்றுக்கு 36 பேரிடம் இருப்பது யாருடைய குறையும் ஆகாது.

கானாடுகாத்தான்_ஆச்சி

கோட்டையூர்ப் பொண்ணே, நான் நாலு பேரன் பேத்தி எடுத்தவள் சொல்கிறேன், உன் மேல் பழி போடுகிறவர்களிடம் வாதாடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நம் சாப்பாட்டில் உன் பிள்ளைக்கு எதுவும் குறைவில்லை. வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கந்தரப்பம், இடியாப்பம், தேன்குழல், சீப்புச் சீடை, கும்மாயம், ஆடிக்கூழ், கவுனி அரிசி, எல்லாம் அரிசியும் உளுந்தும் கேழ்வரகும்தான். கந்தரப்பத்தில் சில பேர் மிருதுவாக இருக்க ரவை, மைதா சேர்க்கிறார்கள், வெளியில் வாங்கினால் கேட்டு வாங்கு. ரங்கோன் புட்டு மட்டும் ரவை, அதை விட்டுவிடு. கவுனி ஒட்டுகிறதே, அதில் அந்தக் குளூட்டன் இருக்குமோ என்று என் மருமகள் கேட்டாள். டயட்டீஷியன் சொல்லட்டும்.

பள்ளத்தூர்_டயட்டீஷியன்

கவுனியில் இல்லை ஆச்சி. அது ஒட்டுவது அதன் மாவுச்சத்தின் தன்மையால். தாராளமாகக் கொடுக்கலாம்.

வீட்டில் எல்லோரும் கோட்டைவிடுவது பெருங்காயத்தில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கிறது, டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு என்று தினமும் போடுகிறோம். அரிசி மாவில் செய்ததாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள், இல்லையென்றால் பெருங்காயம் இல்லாமலே தாளியுங்கள். பார்லித் தண்ணீர் கூடாது. மால்ட் போட்ட சத்துபானங்கள் கூடாது, அவற்றில் மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டு விற்க இந்தியாவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம், அந்த வாசகம் உள்ள பாக்கெட்டை நம்பலாம்.

புதுவயல்_மில்காரர்

மில் பற்றி நான் சொல்கிறேன், இது என் தொழில். மாவு மில்லில் முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அடுத்து அரைக்கும் அரிசி மாவில் அது கட்டாயம் கலக்கும். கல்லில், புனலில், துணிப்பையில் எல்லாம் ஒட்டியிருக்கும். 'முதல் படி அரிசியைத் தள்ளிவிட்டுக் கொடுங்கள்' என்றாலும் முழுசாகப் போகாது. அரிசிக்கும் மிளகாய்க்கும் தனி எந்திரம் வைத்திருப்பது போலக் கோதுமைக்கும் தனி எந்திரம் வைத்திருக்கிற மில்லாகப் பார்த்துப் போங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே சின்ன எந்திரம் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு என்பதால் இதில் சமாதானம் கூடாது.

ஆனால் கோதுமை ரகத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

புது_அம்மா_காரைக்குடி

எனக்கு ஐந்து மாதக் குழந்தை. இதையெல்லாம் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. எங்கள் அம்மா சத்துமாவு அரைத்து வைத்திருக்கிறார், அதில் சம்பா கோதுமையும் பார்லியும் இருக்கிறது. கோதுமையை இரண்டு வயது வரை கண்ணிலேயே காட்டாமல் இருந்துவிடட்டுமா? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சீலியாக் இல்லை.

பள்ளத்தூர்_டயட்டீஷியன்

வேண்டாம் அம்மா, பயப்படாதீர்கள். தள்ளிப்போட்டால் வராது என்பதும் சோதித்துப் பார்த்துக் கைவிட்ட எண்ணம். இத்தாலியில் ஆறு மாதத்தில் குளூட்டன் ஆரம்பித்த பிள்ளைகளையும் பன்னிரண்டு மாதத்தில் ஆரம்பித்த பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். தள்ளிப்போட்ட பிள்ளைகளுக்கு நோய் கொஞ்சம் தாமதமாக வந்தது, ஐந்து வயதில் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு.

ஸ்வீடனில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1984-லிருந்து 1996 வரை அங்கே இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் சீலியாக் நான்கு மடங்கு ஆனது. குளூட்டனை ஆறு மாதம் வரை கொடுக்காமல் வைத்திருந்து, அதற்கு அப்புறம் மாவு கலந்த பாலாக ஒரேயடியாக நிறையக் கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில்தான் வந்தது. வழக்கத்தை மாற்றியதும் எண்ணிக்கை இறங்கியது. பிற்பாடு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 1993-இல் பிறந்தவர்களில் ஆயிரத்துக்கு 29 பேர், 1997-இல் பிறந்தவர்களில் 22 பேர். கொடுக்கிற விதத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்கிறார்கள், ஆனால் 22 என்பதும் சின்ன எண் இல்லை, மற்ற காரணங்கள் அப்படியே இருந்தன.

ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் 2016-இல் சொன்னது: நான்கு மாதம் முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், ஆரம்ப வாரங்களில் அதிகம் கொடுக்க வேண்டாம். நம் வழக்கப்படி ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், அரிசிக் கஞ்சி, பருப்புச் சாதம் என்று ஆரம்பியுங்கள். சத்துமாவைக் கொஞ்சமாக, மெதுவாகச் சேருங்கள். அதுவே முழுநேரச் சாப்பாடாக வேண்டாம்.

தேவகோட்டை_ராமு

எதற்கு இவ்வளவு கணக்கு? நாளையிலிருந்து வீட்டில் எல்லோரும் கோதுமையை நிறுத்திவிட்டால் பிரச்சினை முடிந்தது. எனக்கும் வயிறு அடிக்கடி உப்புகிறது.

பள்ளத்தூர்_டயட்டீஷியன்

ராமு, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இந்த இழையில் நான் எழுதியதில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலும் ஆற ஆரம்பித்துவிடும், நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வரும். அப்புறம் உண்மை தெரிய மறுபடி வாரக்கணக்கில் கோதுமை தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வயிறு உப்புவதற்கு வேறு காரணங்களே அதிகம், மருத்துவரைப் பாருங்கள்.

கோட்டையூர்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பெருங்காய டப்பாவை எடுத்து மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு எடுத்து வெளியே வைத்துவிட்டார். தம்பிக்கு என்ன பரிசோதனை செய்ய வேண்டும், எந்தப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்? அவனுக்கு நான்கு வயது, நன்றாகத்தான் இருக்கிறான், இன்னும் சப்பாத்தி சாப்பிடுகிறான்.

பள்ளத்தூர்_டயட்டீஷியன்

அவன் சாப்பிடுவதை நிறுத்தாமல் கூட்டிப்போங்கள். கூடப் பிறந்தவர், பெற்றோர் ஆகியோரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இருக்கும், அறிகுறியே இல்லாமலும் இருக்கும், அதனால் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தே கொடுத்துவிடுங்கள். டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. என்று கேளுங்கள், கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அந்த ஐ.ஜி.ஏ.வே உடம்பில் குறைவாக இருக்கும், அவர்களுக்கு முதல் பரிசோதனை தப்பாக 'இல்லை' என்று காட்டும். வசதிப்பட்டால் தம்பிக்கு எச்.எல்.ஏ. பரிசோதனையும் செய்யலாம், விலை கூடுதல், ஆனால் டி.கியூ.2, டி.கியூ.8 இரண்டும் இல்லை என்று வந்துவிட்டால் அவனைப் பற்றி அநேகமாகக் கவலையே வேண்டாம். இருக்கிறது என்று வந்தால் நோய் வரும் என்று அர்த்தம் இல்லை, சில வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.